கை மாறிய கிளைடர்

ஜூன் 9

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் வழி முழுக்க என் தோளில் தூங்கினாள். மற்றபடி சௌக்கியம். அறை மாடியில் இருக்கிறது. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், எப்படிச் சாத்தினாலும் தானாகத் திறந்துகொள்கிற ஒரு அலமாரி. வேலை செய்கிற கூடம் நடக்கிற தூரம்தான். வெளிச்சமான கூடம். வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய பல் அச்சு பிளாஸ்டர் மாவில் வார்த்து வைத்திருக்கிறது. என் மேஜை கோடியில், எல்லோரையும் பார்க்கிற மாதிரி. இத்தனை வருஷமாக அடுத்தவர் சொன்னபடி பல் செட் செய்து கொடுத்துவிட்டு இப்போது நான் சொல்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பது கூச்சமாக இருக்கிறது. பிடிக்கவும் செய்கிறது. மறைப்பானேன்.

அக்டோபர் முடிவதற்குள் நிரந்தரமாக இருக்கிறேனா என்று முதலாளியம்மா பதில் கேட்கிறார். கூட வருகிறீர்களா என்ற என் கேள்வியை உங்களிடம் முன்பே கேட்டுவிட்டேன். நீங்களும் "நீ போறதுன்னா போ, நான் கடையை விட்டு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு பஸ் கிளம்புகிற வரை வாயைத் திறக்கவில்லை. போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் சண்டையாகிறது என்று கடிதம் எழுத ஒப்புக்கொண்டீர்களே, அதுவரை சந்தோஷம். கடிதத்தில் நடுவில் புகுந்து பேச முடியாது.

என் கிளைடர் பீரோவின் மேல் இருக்கிறது. நீங்கள் பட்டம் என்று சொல்வீர்களே, அதுதான். அதற்கு நூல் கிடையாது, எஞ்சினும் கிடையாது. காற்றில் மிதக்கும், என் கையிலுள்ள ரேடியோ ரிமோட் சொன்னபடி திரும்பும். இதை எத்தனை தடவை சொன்னாலும் உங்களுக்கு அது பட்டம்தான். போகட்டும். அதன் சிறகை ஜன்னலோரம் சாய்த்து வைக்காதீர்கள். மேலே ஒட்டிய மெல்லிய தாள் வெயிலில் சுருங்கினால் சிறகு முறுக்கிக்கொள்ளும், அப்புறம் நேராகப் பறக்காது. பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டிருக்கிறேன், அப்படியே இருக்கட்டும். தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று துடைப்பத்தோடு கிட்டே போகவேண்டாம்.

பல்லுக்காரி


ஜூன் 21

பல்லுக்காரி அம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு பக்கத்தில் பட்டத்துக்கு ஒரு பக்கம், எனக்கு அரைப் பக்கம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

கடை நடக்கிறது. எதிர்வீட்டு வாத்தியார் மறுபடியும் கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டார். பிரேமை நிமிர்த்திக் கொடுத்தேன். "வீட்ல இல்லியா?" என்று கேட்டார். வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறாள் என்றேன். நீ கேட்ட கேள்விக்கு என் பதில் மாறவில்லை. பெயர்ப் பலகையிலிருந்து கண் பரிசோதிக்கிற நாற்காலி வரை நானே போட்ட கடை. வருகிறவனின் கண் பவர் எனக்கு மனப்பாடம். அதை விட்டுவிட்டு அங்கே வந்து நான் யாருக்குக் கண்ணாடி போடுவது? உன்னைத் திரும்பி வா என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கு அதை வைத்தே என்னைக் குத்திக் காட்டுவாய்.

சமையல் நானே செய்துகொள்கிறேன். சாப்பிடவும் செய்கிறேன், அதுதான் கஷ்டம்.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்தப் பட்டத்தின் மூக்குக்குள் ஈயக் குண்டு மாதிரி ஏதோ இருக்கிறதே, அதில் ஒன்று இரண்டு கீழே விழுந்தால் ஏதாவது கெட்டுப் போகுமா?

கண்ணாடிக்காரன்


ஜூலை 2

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

பீரோவின் மேல் சும்மா படுத்திருக்கிற கிளைடரின் மூக்கிலிருந்து ஈயம் எப்படி விழும்? டேப் போட்டு இறுக்கி ஒட்டியிருக்கிறேன். அதை யாரோ இறக்கியிருக்கிறார்கள், தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், எங்கேயோ குத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டில் நீங்களும் பல்லியும்தான் இருக்கிறீர்கள். பல்லி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

எதற்கும் சொல்லிவைக்கிறேன். மூக்கில் எடை குறைந்தால் வால் கனத்துவிடும். வால் கனத்த கிளைடர் தலையை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்க்கும், வேகம் செத்துப்போகும், பொத்தென்று விழும். சிறகின் அடியில் இரண்டு பக்கமும் பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறேன். புள்ளிக்கு ஒரு விரலாகக் கொடுத்துத் தூக்குங்கள். மூக்கு ஒரு துளி கீழே சாய்ந்து நின்றால் சரி. வால் தொங்கினால் விழுந்த குண்டுகளைத் தேடி எடுத்து உள்ளே வைத்து ஒட்டுங்கள். புதுசாக ஒட்டுபவர்கள் மூக்கு கொஞ்சம் கூடுதலாகவே கனமாக வைத்துக்கொள்வது நல்லது. இதை நான் பல்லிக்குச் சொல்கிறேன்.

முதலாளியம்மா நேற்று நான் முடித்த செட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே மற்ற மேஜைகளுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். நீங்கள் இங்கே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பல்லுக்காரி


ஜூலை 23

பல்லுக்காரி அம்மாளுக்கு,

சரி, பல்லி இல்லை. நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, நீ இல்லை. வீடு என்னைப் பார்த்தது, நான் வீட்டைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக ஞாயிறு ஆனால் அந்த மைதானத்தில் உனக்கு என்னதான் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடலாமென்று கிளைடரைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவு நிலையில் மூக்கை இடித்தது அப்போதுதான். அங்கே உன் தாடிக்காரர் இருந்தார். லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிற மனுஷன், முகத்தில் பாதியை அந்தத் தாடி எடுத்துக்கொண்டிருக்கிறது. தங்கச்சி வீட்டுக்காரரா வாங்க என்றார். கிளைடரை விரலில் தூக்கிப் பார்த்துவிட்டு நீ எழுதியதையேதான் சொன்னார், உன் கடிதம் எனக்கு அப்புறம்தான் வந்தது. ரேடியோவில் எதையோ தட்டி அவர் பழக்கத்துக்கு மாற்றிக்கொண்டார், ரப்பர் கயிற்றை நீளமாக இழுத்துக் கொக்கியில் மாட்டினார், விட்டார். சிவ்வென்று மேலே போனது. கயிறு தானாகக் கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நான் அப்படியே அண்ணாந்து நின்றேன்.

அன்றைக்கே ரேடியோவை என் கையில் கொடுத்தார். கைக்கு ஒன்றாக இரண்டு குச்சி அதில். போகும்போது ஒழுங்காகப் போகிறது, நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிப்போய்த் தொலைகிறது. நான் இடப்பக்கம் தள்ள அது வேலியைப் பார்த்துப் போனது. தாடி ஒரு வழி சொன்னார். எதிரே வரும்போது இடம் வலம் யோசிக்காதே, எந்தச் சிறகு தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு, தாழ்ந்த சிறகுக்கு முட்டுக் கொடுக்கிறதாக நினைத்துக்கொள் என்றார். அதிலிருந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் போகிறேன். நாலைந்து தடவை புல்லில் குத்தியது, சேதம் ஒன்றும் பெரிசில்லை. அதிகம் ஆட்டாமல் கையை விட்டால் அதுவே நேராகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

இன்னொன்று. போன வருஷம் உனக்குக் கடையிலேயே உசத்தியான கூலிங் கிளாஸ் கொடுத்தேன், நீ போடவே இல்லை, எனக்கு உள்ளுக்குள் கோபம். இப்போது அதே வகையை நான் போட்டுக்கொண்டு ரேடியோவின் திரையைப் பார்த்தேன். ஒரே கறுப்பு. தலையைச் சாய்த்தால்தான் எழுத்து தெரிகிறது. கண் கூச்சத்தை வடிகட்டுகிற லென்ஸ் அந்தத் திரையின் வெளிச்சத்தையும் சேர்த்து வடிகட்டிவிடுகிறது. கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு இது தெரியவேண்டாமா? நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாதாரணப் பழுப்பு லென்ஸில் உன் பவருக்கு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். மேகத்தின் முன்னால் கூட சிறகின் ஓரம் நன்றாகத் தெரிகிறது.

திட்டுவதென்றால் திட்டிவிடு.

கண்ணாடிக்காரன்


ஆகஸ்ட் 5

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். நான் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு குச்சியாக வெட்டி ஒட்டிய கிளைடர், நான் இல்லாதபோது இன்னொரு கையில் பறக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வா வா என்று கெஞ்சியபோதெல்லாம் வராமல், நான் ஊரை விட்டு வந்த பிறகா போவது? இந்தப் பக்கத்தை எழுதிவிட்டு எழுந்து போய் டீ குடித்தேன். திரும்பி வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அண்ணாந்து நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பெண் பல் வலியா என்று கேட்டாள்.

போகட்டும், இனி ஒழுங்காகப் பறக்கவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ரேடியோவை முதலில் போடுங்கள், கிளைடரை அப்புறம். அணைக்கும்போது மாற்றி. ரேடியோவின் சக்தியைக் குறைத்துச் சோதிக்கிற பொத்தான் பின்பக்கம் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு நடந்து போய் தூரத்திலிருந்தும் வால் அசைகிறதா என்று பாருங்கள். குச்சியை ஆட்டினால் வாலும் சிறகிலுள்ள பிரேக் தகடும் சரியான பக்கம் போகிறதா என்று தரையிலேயே பார்த்துவிடுங்கள். இதைப் பார்க்காமல் எவ்வளவு கெட்டிக்காரன் விட்டாலும் ஒருநாள் விழும். இறக்கும்போது காற்றை எதிர்த்து வாருங்கள், கிட்டே வந்ததும் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள்.

காற்று கொஞ்சமாக இருக்கிற நாளில் பருந்து எங்கே சுற்றுகிறது என்று பாருங்கள். அங்கே சூடான காற்று மேலே போகிறது என்று அர்த்தம். நீங்கள் போகிற வழியில் ஒரு சிறகு மட்டும் தானாக எழும்பினால், எழும்பின பக்கம்தான் அந்தக் காற்று இருக்கிறது, அந்தப் பக்கமே திருப்புங்கள். மனசு எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லும். கேட்காதீர்கள்.

செப்டம்பரில் இரண்டு நாள் லீவு தருகிறார்கள், வருகிறேன். ஒன்றாக மைதானத்துக்குப் போவோம். அதற்குப் பிறகு உட்கார்ந்து மற்றதைப் பேசுவோம். எனக்கு இந்த வேலை வேண்டும். நீங்களும் வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

பல்லுக்காரி


செப்டம்பர் 16

கண்ணாடிக்காரருக்கு,

பேசாமலே கிளம்பி வந்துவிட்டேன். நீங்கள் எழுந்திருக்கும்போது என் பை இல்லாததைப் பார்த்திருப்பீர்கள். என் சாவி மீட்டர் பெட்டிக்குள்.

கிளைடர் உடைந்ததற்காக நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். மரமும் தாளும் உடையத்தான் செய்யும். நீங்கள் ஆசையாக மேலே ஏற்றி, அவ்வளவு உயரத்தில் வைத்து, இந்தா என்று ரேடியோவை என் கையில் கொடுத்தீர்கள். இடப்பக்கம் திருப்பினேன், அழகாகத் திரும்பியது. அப்புறம் மூக்கு லேசாகத் தாழ்ந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை செய்த மாதிரி குச்சியை இழுத்தேன். நிமிரவில்லை. இன்னும் இழுத்தேன். இன்னும் கீழே போனது. நாலு பேர் பார்க்க நேராக மண்ணில் போய்க் குத்தியது.

அதுகூடப் பரவாயில்லை. நீங்கள் என் தோளில் கை வைத்து, "விடு, இவ்வளவு நாள் தொடாம இருந்ததுல கை மறந்துபோச்சு" என்றீர்கள். சமாதானமாகத்தான் சொன்னீர்கள், தெரிகிறது. ஆனால் அதைக் கேட்டதிலிருந்து என்னால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. எனக்கென்று இருக்கிறது இந்தக் கைதான். பல் செய்கிறது, கிளைடர் செய்கிறது. அதுவே அந்த ஊரை மறந்துவிட்டது என்றால் நான் அங்கே யார்? பஸ் முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். தூரமாகப் போய்விட்டால் எல்லாம் மறந்துதான் போகும் போல. உங்களையும் ஒருநாள் மறப்பேனோ என்று பயமாக இருந்தது, அப்படியே ஆகட்டும் என்று கோபமாகவும் இருந்தது.

முதலாளியம்மாவிடம் இந்த வாரமே சரி என்று சொல்லிவிடப் போகிறேன். உடைந்ததை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.


செப்டம்பர் 20

பல்லுக்காரிக்கு,

போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால் இதைத் தபாலில் போடுகிறேன், வேகமாகப் போகவேண்டுமே என்று போஸ்ட் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உன் கை எதையும் மறக்கவில்லை.

அன்றைக்கு தாடி ஊரில் இல்லை, வேலையாகப் போயிருந்தார் அல்லவா. நேற்று திரும்பி வந்து கடைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. "ரேடியோவை அவங்க கைக்கு மாத்திக் குடுத்தீங்களா?" என்று கேட்டார். எந்தக் கைக்கு என்றேன். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மூக்கை ஏற்றி இறக்குகிறது உனக்கு வலக்கைக் குச்சியில், தாடிக்கு இடக்கைக் குச்சியில். இப்படி இரண்டு சாதி உண்டென்றே எனக்குத் தெரியாது. முதல் நாள் எனக்குச் சொல்லித் தருவதற்காக ரேடியோவைத் தன் கைக்கு மாற்றினாரே, அதை அப்படியே விட்டுவிட்டார். நானும் அதிலேயே பழகிவிட்டேன். இடம் வலம் திருப்புகிறது மட்டும் இரண்டு பேருக்கும் வலக்கைதான், அதனால்தான் நீ திருப்பியபோது ஒழுங்காகத் திரும்பியது. நீ மூக்கை நிமிர்த்த இழுத்தாயே, அந்தக் குச்சியில் அன்று இருந்தது பிரேக். நீ இழுக்க இழுக்க சிறகில் பிரேக் தகடு திறந்துகொண்டே போயிருக்கிறது. கீழே போகாமல் என்ன செய்யும்? தரையில் நீயே சோதித்திருந்தால் பார்த்த உடனே கண்டுபிடித்திருப்பாய். நான்தான் பெரிய ஆள் மாதிரி சோதித்து, ஏற்றி, பாதி வானத்தில் வைத்துக் கொடுத்தேன்.

உன் கை இத்தனை மாதம் கழித்தும் இம்மி பிசகாமல் தன் வேலையைத்தான் செய்தது. நான் சொன்னது தப்பு. தெரியாமல் சொன்னேன், ஆனாலும் தப்பு. அங்கேயே இருக்கவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் இரு. கை மறந்துவிட்டது என்று நான் உளறியதற்காக மட்டும் இருந்துவிடாதே.

கண்ணாடிக்காரன்


செப்டம்பர் 27

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் வைத்துப் படித்தேன். பிரேக் என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அப்புறம் அழுதேன். மாவுக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேய் மாதிரி நின்றேன். தாடி அண்ணனைத் திட்டாதீர்கள். ரேடியோவை மாற்றினார் என்று நீங்கள் ஜூலையிலேயே எழுதியிருக்கிறீர்கள். எடுத்துப் பார்த்தேன், அந்த வரி இருக்கிறது. நான்தான் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

என் கை என்னிடமே இருக்கிறது. சரி. இப்போது என்னிடம் சாக்கு எதுவும் இல்லை, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். சொல்லிவிடப் போகிறேன் என்று கோபத்தில் எழுதினேனே தவிர, அப்போது சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு நேற்றுதான் முதலாளியம்மாவிடம் சரி என்றேன். கோபத்தில் இல்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, நான் இதில் நன்றாக இருக்கிறேன், விட மனசில்லை. அவ்வளவுதான் காரணம்.

உங்களை வா என்று கூப்பிட எனக்கு நியாயம் இல்லை. அந்தக் கடை உங்களுக்கு என்னவென்று தெரியும். வாரக் கடைசியில் முடிந்தபோது வருவேன். அப்படியும் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். நமக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை.

கோபம் வந்தால் இந்தத் தடவை வாய்விட்டுக் கோபப்படுங்கள். நீங்கள் பேசாமல் இருந்தால் எனக்குத் தாங்காது.

பல்லுக்காரி


அக்டோபர் 14

பல்லுக்காரிக்கு,

கோபம் வந்தது. நீ கேட்டபடி வாய்விட்டே கோபப்பட்டேன், வாத்தியாரிடம். பாவம், அவர் கண்ணாடி வாங்க வந்தவர்.

உன் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாடியிடம் போய், ரேடியோவை உங்கள் தங்கச்சி கைக்கு மாற்றுங்கள், நான் அதில் பழகப்போகிறேன் என்றேன். "வேண்டாங்க. புதுசா கத்துக்கறது சுலபம், கத்த கையை மாத்தறது நரகம்" என்றார். மாற்றச் சொன்னேன். அவருடைய பழைய பயிற்சி கிளைடர் ஒன்றைக் கொடுத்தார், எப்படி விழுந்தாலும் உடையாத வகை. அவர் சொன்னதுதான் சரி. நிதானமாக இருக்கும்போது ஒழுங்காக வருகிறது. திடீரென்று மூக்கு தாழ்ந்தால் என்னைக் கேட்காமலே இடக்கை போய் இழுக்கிறது. போன வாரம் முழுக்க வலக்கையால் செய், வலக்கையால் செய் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே விட்டேன். அப்படியும் வேலியில் மாட்டியது. ஏறிக் குதித்து எடுக்கப் போய் பேன்ட் கிழிந்தது. ஆனாலும் விழுகிறது குறைந்திருக்கிறது.

வேலியில் நின்று கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. இந்த வயசில் இந்தப் பாட்டைப் பட்டுக் கையை மாற்றிக்கொண்டு, ஊரை மட்டும் மாற்றமாட்டேன் என்று நிற்கிறேனே, எதற்கு? ரேடியோவை மட்டும் உன் கைக்கு மாற்றி வைத்துக்கொண்டு, நீ இல்லாத மைதானத்தில் நான் யாரிடம் அதைக் கொடுப்பது?

கடையை எடுத்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். என்னிடம் வேலை கற்றவர்தான், வாத்தியாரின் பவர் அவருக்கும் தெரியும். நேற்று பேசி முடித்துவிட்டேன். பேசிவிட்டு வந்து ஷட்டரை இறக்கியவன் மறுபடி ஒரு தடவை தூக்கி உள்ளே பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். ஜனவரியில் வருகிறேன். அங்கே ஏதாவது கண்ணாடிக் கடையில் ஆள் தேவையா என்று விசாரித்து வை. முதலாளியாக இருந்தவன், இன்னொருவரிடம் வேலை பார்ப்பானா என்று யோசிக்காதே. பார்ப்பேன், முறைத்துக்கொண்டே பார்ப்பேன்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் புலம்புவேன். என் கடையில் இப்படி இல்லை, நம் தெருவில் அப்படி இல்லை, இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை என்பேன். வந்ததே தப்பு என்று கூட ஒருநாள் சொல்லிவிடுவேன். அதை நம்பிவிடாதே. என்னைக் கேட்காமல் இடக்கை போகிறது, அவ்வளவுதான். நான் வலக்கையால் செய், வலக்கையால் செய் என்று உள்ளே சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

கண்ணாடிக்காரன்